முன்னோர் மாடத்தில் என் படம்

அடிலெய்டு
6 மார்ச் 2004

அப்பாவுக்கு,

நான் செத்துப்போய்விட்டதாகத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நிஜமா என்று கேட்டு எழுதுகிறேன்.

எட்டு வருஷம் கழித்து எழுதும் முதல் கடிதத்தை நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். அது எனக்கும் தெரியும். அப்படித் தொடங்கிப் பார்த்துத் தாள்களைக் கிழித்துப் போட்டேன். நலமா என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். கேட்காவிட்டாலும் வரும். அதனால் கேட்க வந்ததையே கேட்டுவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஓரிடத்தில் காத்திருந்தேன். எந்த இடம் என்பது இப்போது வேண்டாம். சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கிடையாது, கீழே எழுத்து மட்டும். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்களே, அந்த மாதிரிப் பயண நிகழ்ச்சி. வியட்நாமியரின் அன்றாட வாழ்க்கை என்று போட்டிருந்தார்கள். சிவப்புத் தாடிக்காரன் ஒருவன் படகிலிருந்து இறங்கினான். இறங்கிய படித்துறை நம்முடையது. மூன்றாம் படி இன்னும் உடைந்தபடியேதான் இருக்கிறது.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். ஓலைத் தொப்பி, கருப்புச் சட்டை, கையில் துடுப்பு. கைபே வட்டாரத்துப் படகு மோட்டாரையெல்லாம் பிரித்து மாட்டுகிற மனுஷன் துடுப்புப் போடுவதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து நாற்காலி அம்மாள் திரும்பிப் பார்த்தாள். இவர் என் அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வீட்டின் உள்ளே காட்டினார்கள்.

முன்னோர் மாடம். தாத்தா படம். அம்மா படம். அதற்குப் பக்கத்தில், பள்ளி முடித்தபோது வெள்ளை நீள அங்கியில் எடுத்துக்கொண்ட என் படம். முன்னால் பழத்தட்டு, ஊதுபத்திக் கிண்ணம், பூ. கீழே எழுத்து ஓடியது: "மனைவியையும் ஒரே மகளையும் பறிகொடுத்த கியெம், தனிமையில் வாழ்கிறார்."

பக்கத்து நாற்காலி அம்மாள் என்னிடம் "பாவம், அந்தக் கிழவர்" என்றாள். நானும் தலையாட்டினேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

நான் கிளம்பிய அன்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. படித்துறை தாண்டினால் எனக்கு மகள் கிடையாது என்றீர்கள். கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான் என்று நினைத்தேன். ஆனால் மாடத்தில் ஏற்றி வைப்பது கோபத்தில் செய்கிற காரியம் இல்லை. உட்கார்ந்து யோசித்து, சுவரைத் துடைத்து, சட்டத்தை நேராக்கிச் செய்கிற காரியம். உயிரோடு இருப்பவர் படத்தை அங்கே வைத்தால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் என்னை மிரட்டியதே நீங்கள்தான்.

ஒரே கேள்வி. அதை அங்கே வைத்தது யார்?

குயென்

---

ராச் தோம் கால்வாய், கைபே
2 ஏப்ரல் 2004

குயெனுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரன் உறையைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். கால்வாய் இரண்டு கரைக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆறாம் சித்தி அடுப்பை அணைக்காமலே ஓடிவந்தாள்.

எட்டு வருஷம் ஒரு வரி கிடையாது. இப்போது எழுதினாயே, அப்பா சாப்பிட்டாரா, இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை உண்டா? படம், படம், படம். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. சரி, பதில் சொல்கிறேன்.

வைத்தது நான் இல்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் ஊர் அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள், வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுக்க வருகிறார்கள், நல்ல பழைய வீடு உன்னுடையதுதான், மரியாதையாக நடந்துகொள் என்று. ஐந்து பேர் வந்தார்கள். பேச்சை மொழிபெயர்க்க சைகோனிலிருந்து ஒரு இளைஞன், வீ என்று பெயர். நல்ல பையன்தான், கொஞ்சம் அதிகமாகவே நல்லவன். வந்ததும் ஆரம்பித்தான்.

"ஐயா, இந்த ஃபேனைக் கொஞ்சம் எடுத்துடலாமா?"

"எதுக்கு? வேர்க்குமே."

"அவங்களுக்கு உங்க அன்றாட வாழ்க்கை வேணுமாம்."

"அன்றாடம் அது ஓடுதேப்பா."

ஃபேன் வெளியே போயிற்று. பிளாஸ்டிக் நாற்காலிகள் போயின. மோட்டார் படகை வாழைக்குப் பின்னால் மறைத்தார்கள். ஆறாம் சித்தி வாசலில் நின்று, வழக்கம்போல் பிறந்த வரிசையைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு, "எட்டாமண்ணே, கடைசியில உங்களையும் தூக்கி வெளிய வச்சுட்டு வேற ஆளைக் கொண்டுவரப் போறாங்க பாருங்க" என்றாள். ஊரே சிரித்தது. தொப்பியும் அவளுடையதுதான். பெண்பிள்ளை தொப்பி, தாடைப் பட்டை ஊதா நிறம். நல்லவேளை உன் தொலைக்காட்சியில் அது தெரியவில்லை போலிருக்கிறது.

அப்புறம் டிவியைத் தூக்கினார்கள். அதற்குப் பின்னால் உன் படம் இருந்தது. நீ போன பிறகு உன் அம்மா வைத்த இடம். நான் உட்காரும் பக்கத்திலிருந்து தெரியாது, அடுப்படியிலிருந்து பார்த்தால் தெரியும். அவள் போன பிறகு நான் அதைத் தொடவில்லை. அவ்வளவுதான்.

அந்தப் பையன் அதை எடுத்துத் தூசி தட்டினான்.

"யாருங்க ஐயா இந்தப் பொண்ணு?"

"மகள்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"அவ பேச்சை எடுக்காதே."

உன்னைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் அது. ஊருக்கெல்லாம் தெரியும். சைகோன்காரனுக்குத் தெரியுமா? அவன் முகம் சுருங்கிவிட்டது. தலையைத் தாழ்த்தி, "மன்னிச்சுக்கங்க ஐயா, தெரியாமக் கேட்டுட்டேன்" என்றான். எதற்கு இவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டே சட்டை மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய் மாடத்தில் வைத்திருந்தான். செத்துப்போன பெண்ணின் படம் டிவிக்குப் பின்னால் கிடக்கிறதே என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. நம்மில் ஒருவன் என்பதால்தான் அப்படிச் செய்தான். வெள்ளைக்காரன் என்றால் அங்கேயே விட்டிருப்பான்.

நான் அதைக் கவனிப்பதற்குள் என் கையில் ஊதுபத்தி பற்றவைத்தாகிவிட்டது. கேமரா ஓடுகிறது. நடுவில் நிறுத்தினால் உன் அம்மாவுக்கு மரியாதைக் குறைவு. அதனால் விட்டேன். அவர்கள் படகு திரும்பியதும் எடுத்துவிட்டேன். கதை முடிந்தது.

உன் வீட்டுக்காரர் லோக் எப்படி இருக்கிறார் என்று சித்தி கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. வாழைப்பழ வற்றலும் அனுப்பச் சொன்னாள். அந்த நாட்டில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்களாமே, அதனால் அனுப்பவில்லை.

கியெம்

---

அடிலெய்டு
25 ஏப்ரல் 2004

அப்பாவுக்கு,

இடுப்பு வலி எப்படி இருக்கிறது? சாப்பிட்டீர்களா? இப்போது திருப்திதானே.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். ஃபேன் கதையைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கூடச் சிரிக்க யாராவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலை செய்யும் இடத்தில் ஒருத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். தக்காளி அடுக்கிக்கொண்டே, "பிறகு ஃபேனைத் திருப்பிக் கொடுத்தார்களா?" என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று. நீங்கள் சொல்வதில் பாதிதான் சரி.

நானும்தான் பார்த்தேன், அப்பா. ஊதுபத்தியோடு வந்தீர்கள். மாடத்தைப் பார்த்தீர்கள். நின்றுவிட்டீர்கள். ஒரு மோட்டாரைத் திறந்து உள்ளே எது போயிற்று என்று தேடும்போது நிற்பீர்களே, அப்படி நின்றீர்கள். தடுமாறவில்லை, பதறவில்லை. அதற்குப் பிறகு நிதானமாக மூன்று தடவை குனிந்தீர்கள். பெற்றவர் பிள்ளை படத்துக்கு முன்னால் குனிவாரா? ஊரில் எந்த வீட்டிலாவது நடக்குமா? அம்மாவுக்கு மரியாதைக் குறைவு என்கிறீர்கள். ஊதுபத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் என்னை எடுத்திருக்கலாம். நீங்கள் எடுக்கவில்லை.

அந்தப் பையன் தெரியாமல் வைத்தான். நீங்கள் தெரிந்து விட்டீர்கள். எனக்கு அதுதான் கேள்வி.

அம்மா போனதே எனக்கு நாற்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் சித்தியின் மைத்துனர் வழியாக, இங்கே கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தபோது. கையில் வெங்காயத்தாள் கட்டு இருந்தது. நீங்கள் எழுதியிருக்கலாம். அவள் சாவுக்கு நான் வேண்டாம், உங்கள் மாடத்துக்கு மட்டும் வேண்டுமா?

இவ்வளவு எழுதிவிட்டேன், இனி மறைக்க என்ன இருக்கிறது. லோக் மூன்று வருஷத்துக்கு முன்பே போய்விட்டார். டார்வினில் இருக்கிறார், வேறொருத்தியோடு. அந்த ஆள் நிலைக்கமாட்டான் என்று நீங்கள் சொன்னீர்கள். சொன்னது சரி. அதை ஒத்துக்கொண்டு எழுத வேண்டியிருக்குமே என்றுதான் எழுதாமலே இருந்தேன். ரோஷம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று சித்தியைக் கேளுங்கள்.

நான் காத்திருந்த இடம் ஆஸ்பத்திரி. மார்பில் கட்டி. நல்ல கட்டி இல்லை என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள். முடிவு சொல்லக் கூப்பிடும் முன்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்து என் படத்துக்கு நீங்கள் குனிவதைப் பார்த்தேன். உள்ளே போனதும் டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லத் தோன்றியது.

இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். முடி கொட்டிவிட்டது. ஜூன் 14 அறுவைச் சிகிச்சை. பயமாக இருக்கிறது, அப்பா. கத்திக்கு இல்லை. நீங்கள் என்னை அனுப்பிவைத்துவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது.

குயென்

---

ராச் தோம் கால்வாய்
20 மே 2004

குயென், மகளே,

உன் கடிதத்தைச் சித்தியிடம் காட்டவில்லை. மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். ஒரு ஆள் வந்து தன் படகைக் கேட்டான். இன்னும் ஆகவில்லை, போ என்றேன். அவன் படகு அன்று காலையே ஆகிவிட்டது.

முதலில் உன் அம்மா விஷயம். நான் எழுதவில்லை. உன் மேல் இருந்த கோபத்தை அவள் சாவிலும் நான் விடவில்லை.

இப்போது படம். போன கடிதத்தில் அவர்கள் படகு திரும்பியதும் எடுத்துவிட்டேன் என்று எழுதினேன். அது பொய். மூன்று நாள் அங்கேயே இருந்தது.

நீ பார்த்தது சரிதான். நின்றேன். எடுத்துவிட வேண்டும் என்றுதான் நின்றேன். கை வரவில்லை. உன் அம்மா அங்கே என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், உயிரோடு இருந்தபோது அவரிடம் வாய் திறந்து நாலு வார்த்தை பேசியவள் இல்லை. எத்தனையோ நாள் சாதம் வைக்கும்போது நினைப்பேன், பாவம் பேச ஆளில்லாமல் இருக்கிறாள் என்று. அன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் நீ அவள் பக்கத்தில். கடைசி நாட்களில் அவள் கேட்டது அதைத்தான். குனிந்தேன் என்றால் அவளுக்குத்தான் குனிந்தேன். "பாரு, வந்துட்டா" என்று அவளிடம் சொன்னேன். வாய்க்குள்தான், கேமராவுக்குக் கேட்டிருக்காது. அந்த நேரத்தில் நீ உயிரோடு இருக்கிறாயா இல்லையா என்பதே என் புத்தியில் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து இருந்தீர்கள். நான் மட்டும் வெளியே நின்றேன்.

மூன்றாம் நாள் சித்தி வாழைப்பூ கொடுக்க வந்து பார்த்துவிட்டாள். தட்டு கீழே விழுந்தது.

"எட்டாமண்ணே, உங்களுக்குப் புத்தி கலங்கிப் போச்சா? உசுரோட இருக்கிற புள்ளையை ஏத்தி வச்சிருக்கீங்க."

"வச்சது நான் இல்ல."

"எடுக்காதது யாரு?"

அவளும் உன்னைப் போலத்தான் கேட்டாள். எடுத்தேன். அன்றிலிருந்து பயம்தான். இப்போது உன் கடிதத்தில் நோய் என்று வேறு படித்துவிட்டேன். கட்டி எப்போது வந்தது என்று டாக்டர் என்ன கணக்குச் சொன்னாலும் சரி, என் கணக்கு வேறு. மூன்று நாள் உன்னை அந்தப் பக்கம் உட்கார வைத்தவன் நான். அதனால் திருப்பிக் கூப்பிட வேண்டியவனும் நான்தான்.

சித்தி உனக்கு எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் உன் உயிரைக் கூப்பிட்டேன்.

நீ சின்னப் பிள்ளையில் மூங்கில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து, பயந்து, ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாய். அப்போது செய்த மாதிரியே செய்தேன். வாத்து முட்டை ஒன்று அவித்து, ஒரு கிண்ணம் சோறு வைத்து, உன் பழைய பூப்போட்ட சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படித்துறைக்கு இறங்கினேன். உயிர் எல்லாருக்கும் மூன்று; ஆவி ஆணுக்கு ஏழு, பெண்ணுக்கு ஒன்பது. ஒன்று விடாமல் கூப்பிட வேண்டும்.

"மூணு உசுரும் ஒம்பது ஆவியும், என் மக குயென், எங்க இருந்தாலும் சோத்துக்கு வந்துரு. தண்ணியில இருந்தா தண்ணியை விட்டு வா. தூரதேசத்துல இருந்தா தூரத்தை விட்டு வா. இது உன் வீடு. அப்பா கூப்பிடுறேன்."

எட்டு வருஷம் இந்த வாயால் உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் வராதோ என்று நினைத்தேன். வந்தது. முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை எதிர்க்கரையில் துணி துவைத்தவள் நிமிர்ந்தாள். மூன்றாம் தடவை கத்தினேன். தேங்காய் ஏற்றிப் போன படகுக்காரன் மோட்டாரை நிறுத்திவிட்டான், சத்தம் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று. பின்னால் வந்த படகும் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் விட்டிருக்கமாட்டேன்.

ஒரு குறை வந்துவிட்டது. உன் காய்ச்சலின்போது நான் வெளியே நின்று கூப்பிட, உன் அம்மா உள்ளே உன்னை மடியில் வைத்துக்கொண்டு உனக்குப் பதிலாக, "வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரல் வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். நேற்று நான் கூப்பிட்டு முடித்துவிட்டு வீட்டைப் பார்த்து நின்றேன். உள்ளே யார் இருக்கிறார்கள்?

சித்தி ஓடிவந்தாள். "நான் உள்ள போய் உக்காந்து சொல்றேண்ணே" என்றாள். "நீ யாரு சொல்றதுக்கு?" என்று கத்திவிட்டேன். அழுதுகொண்டே போனாள். அப்புறம் நானே உள்ளே போய்ச் சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டவனே பதில் சொன்னால் அது செல்லாது. இருட்டும் வரை படியில் உட்கார்ந்திருந்தேன்.

முட்டையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அது நீ சாப்பிட வேண்டியது. மாடத்தில் வைக்கமாட்டேன். உனக்கு உரியது எதையும் இனி அங்கே வைக்கமாட்டேன். சமையல் மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

உன் படம் இப்போது டிவி மேல் இருக்கிறது, முன்பக்கம். நான் உட்காரும் இடத்திலிருந்து தெரிகிறது. கத்தி வைக்கும் முன்பு நன்றாகச் சாப்பிடு. பதில் எழுது. இரண்டு வரி போதும்.

அப்பா

---

அடிலெய்டு, ஆஸ்பத்திரி
18 ஜூன் 2004

அப்பா,

உங்கள் கடிதம் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே வந்துவிட்டது. திட்டு இருக்கும் என்று நினைத்துத் திறக்கவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு மயக்க மருந்துக்குப் போக வேண்டாம் என்று பையில் வைத்துக்கொண்டேன். நேற்றுத்தான் உறையைக் கிழித்தேன். இடது கை தூக்க முடியவில்லை. பல்லால்தான் கிழித்தேன்.

எடுத்துவிட்டார்கள். எல்லாம் எடுத்தாயிற்றா என்று இன்னும் இரண்டு வாரத்தில் சொல்வார்களாம். ஒரு வருஷத்துக்கு விமானத்தில் ஏறும் பேச்சே வேண்டாம் என்கிறார்கள். மருந்து இன்னும் பாக்கி இருக்கிறது. கூட யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். சித்தியின் பெயரை எழுதினேன். உங்கள் பெயரையும் எழுதினேன். தொலைபேசி எண் கேட்டார்கள், படித்துறைக்கு எண் கிடையாது என்றேன்.

சித்தியிடம் மன்னிப்புக் கேளுங்கள். அந்த முட்டையைத் தூக்கிப் போடுங்கள், இந்நேரம் வீடே நாறியிருக்கும்.

கடிதத்தை முதலில் மனதுக்குள் படித்தேன். நீங்கள் கூப்பிட்ட இடம் வந்ததும் வாய்விட்டுப் படித்தேன். நம் பாஷையை வாய்விட்டுப் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. முடிவு வரை படித்துவிட்டு, "வந்துட்டேன்ப்பா" என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நர்ஸ் ஓடிவந்து, வலிக்கிறதா, ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், வீட்டில் கூப்பிட்டார்கள், பதில் சொன்னேன் என்றேன். மருந்து மயக்கம் என்று எழுதிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் படித்துறைக்குப் போகும்போதெல்லாம் ஒரு தடவை கூப்பிடுங்கள். இங்கே அப்போது ராத்திரி. நான் விழித்துத்தான் இருப்பேன்.

உங்கள் மகள்
குயென்